இளவரசிக்கு வாயில்லையா?

இளவரசி மறுபடியும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

செக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தை மடியில் கவிழ்த்துப் போட்டாள். "இவளுக்கு வாய் இருக்கா, இல்லையாக்கா?"

கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "இருக்குடி. முந்தின அத்தியாயத்துலதானே பவள வாய்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாரு."

"பவளமோ பித்தளையோ, ஒரு வார்த்தை கேட்க உதவலைன்னா அது எதுக்கு?"

விஷயம் இதுதான். படைத்தலைவன் நந்தவனத்தில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி நின்றதை இளவரசி பார்த்துவிட்டாள். அந்தப் பெண் அவன் கூடப்பிறந்த தங்கை. படிக்கிற நமக்குத் தெரியும், தோட்டக்காரனுக்குத் தெரியும், அரண்மனைக் கிளிக்குக்கூடத் தெரியும். இளவரசிக்கு மட்டும் தெரியாது. "யார் அவள்?" என்று அன்றைக்கே கேட்டிருந்தால் கதை முதல் பாகம் நூற்றிருபதாம் பக்கத்தில் முடிந்திருக்கும். கேட்காமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் புழுங்கி இரண்டாம் பாகத்தின் பாதிவரை இழுத்து வந்துவிட்டாள். இதற்குள் இரண்டு போர், ஒரு கடல் பயணம், நான்கு மயக்கம். போரில் செத்தவன் ஒவ்வொருவனும் இவள் வாய் திறக்காததால் செத்தவன் என்பது செக்கரின் கட்சி.

"படிடி," என்றாள் அக்கா. "அவ கேட்டுட்டா அப்புறம் நாம என்ன பண்றது? சும்மா சுவரைப் பார்த்துக்கிட்டு உட்காருறதா?"

செக்கர் மணிபர்ஸிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.

செக்கர் என்பது அவள் பெயரில்லை, வேலை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகக் கடைசி மேசையில் நிற்கிறாள். தைத்து முடித்த சட்டை கைக்கு வந்ததும் குழல்விளக்கின் கீழ் விரிப்பாள். காலர் முனை இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா, கைக்குழித் தையல் சுருங்கியிருக்கிறதா, பொத்தான் இழுத்தால் கையோடு வருகிறதா என்று பார்ப்பாள். குறை கண்ட இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கூடையில் எறிவாள். பிரித்துத் தைப்பது வேறு ஆள் வேலை. அங்கே எல்லாரும் செக்கரக்கா, செக்கரக்கா என்று கூப்பிட, அந்தப் பேர் அவளோடு வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கூடவே ஸ்டிக்கரும் வந்தது. அக்காவின் சரித்திரக் காதல் நாவல்கள் எல்லாம் இப்போது அம்மை வார்த்தது மாதிரி சிவப்புப் புள்ளியோடு கிடந்தன. காதலன் அனுப்பிய ஓலையைப் பிரிக்காமலே தீயில் போட்டவளுக்கு ஒரு ஸ்டிக்கர். மாறுவேடத்தில் வந்த கணவனைக் குரலைக் கேட்டும் கண்டுபிடிக்காதவளுக்கு ஒன்று. சபதம் போட்டவர்களுக்கு ஆளுக்கு இரண்டு.

சபதம் என்றாலே அவளுக்கு ஆகாது. "வாயைத் திறந்தா சபதம்! எவன் கேட்டான் இவங்கள? சபதம் போட வாய் வருது, விசாரிக்க மட்டும் வரமாட்டேங்குது" என்பாள். அக்காவுக்கு நாவலைவிட இந்த வசவுதான் பிடிக்கும். தபால் அலுவலகத்தில் பதிவுத்தபால் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருடம் உட்கார்ந்தவள் அவள். ஜன்னலில் ஆள் இல்லாதபோது படித்துப் படித்தே இந்த மாதிரி நாவல்களில் ஊறிப்போனவள். வயிற்றில் அறுவை சிகிச்சை ஆன பிறகு எழுத்து கண்ணில் ஆடுகிறது என்றாள். அன்றிலிருந்து தினம் ஷிஃப்ட் முடிந்ததும் செக்கர் வந்து ஒரு அத்தியாயம் படிக்கிறாள். தன் வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க ஆளில்லை.

அறுவையின்போது வயிற்றைத் திறந்தவர்கள் ஒன்றும் செய்யாமல் திரும்பத் தைத்து மூடிவிட்டார்கள். புற்று ஈரல்வரை பரவிவிட்டது, மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு என்று பெரிய டாக்டர் சொன்னபோது அந்த அறையில் இருந்தவர்கள் அத்தானும் செக்கரும் மட்டும்தான். அத்தான் பேருந்து ஓட்டுநர். அதிகம் பேசமாட்டார். வெளியே வந்து தண்ணீர் பிடிக்கும் குழாய்ப் பக்கம் நின்று வெகுநேரம் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு ஈரக் கையை நீட்டினார்.

"அவகிட்ட வயித்துப் புண்ணுன்னு சொல்லிடலாம். தெரிஞ்சா அன்னைக்கே போயிடுவா. என் மேல சத்தியம் பண்ணு."

"குட்டிக்காவது சொல்லணும் அத்தான்."

"குட்டி மூணு வருஷமா இந்த வாசப்படி மிதிக்கல. திடீர்னு வந்து நின்னா உங்க அக்கா என்ன முட்டாளா? யாருக்கும் வேண்டாம். சத்தியம் பண்ணு."

பண்ணினாள். ஊருக்குத்தான் உபதேசம். அந்த ஈரக் கையில் தன் கையை வைத்து, நாவலில் வருகிற எந்தப் பைத்தியக்கார மந்திரிக்கும் குறையாமல், சத்தியம் பண்ணினாள்.

குட்டி அக்காவின் ஒரே மகள். முப்பத்தொரு வயதாகியும் அந்தப் பேர் போகவில்லை. அக்கா பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை கை நீட்டுகிறவன் என்று தெரிந்து அவள் பெட்டியோடு திரும்பி வந்த அன்று, "எல்லா வீட்லயும் இருக்கிறதுதான், போய்ச் சேரு" என்று அக்கா சொல்லிவிட்டாள். ஒரே ஒரு வாக்கியம். குட்டி பெட்டியைத் தரையில்கூட வைக்கவில்லை. நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய், ஏழு மணி நேரத் தொலைவில் ஒரு ஊரில் வேலை தேடிக்கொண்டு தனியாக இருக்கிறாள். தான் சொன்னது தப்பென்று அக்காவுக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. இருந்தாலும், ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவள் தன் மகளுக்கு ஒரு வரி போடவில்லை. பெற்றவள் நான், அவளே கூப்பிடட்டும் என்று இவள். சொன்னவங்க அவங்க, அவங்களே கூப்பிடட்டும் என்று அவள். நடுவில் மத்தளம் மாதிரி செக்கர். ஞாயிற்றுக்கிழமை குட்டி போன் செய்வாள். "அவங்க எப்படி இருக்காங்க சித்தி?" என்பாள். அம்மா என்ற சொல் வாயில் வராது. திங்கட்கிழமை அக்கா, "நேத்து உனக்குப் போன் கீன் வந்துச்சா?" என்பாள். யார் போன் என்று கேட்கமாட்டாள்.

ஒட்டுவதென்றால் இருவர் நெற்றியிலும் ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம்.

ஒரு மாதம் போயிருக்கும். படித்துக்கொண்டிருந்தபோது அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அலமாரில கீழ்த் தட்டப் பாரு. நீலப் பை."

பைக்குள் புதுச் சேலை ஒன்று இருந்தது. அரக்குக் கலர், மெல்லிய கரை.

"பக்கத்து வீட்டம்மாவ விட்டு வாங்கினேன். இந்தப் புண்ணு ஆறி, கால் ஊனி நடக்க ஆரம்பிச்சதும் நேரா அவ வீட்டு வாசல்ல போய் நிக்கப் போறேன். நான் சொன்னது தப்புன்னு சொல்லிடுவேன். அதுக்கு மேல அவ இஷ்டம்."

செக்கர் சேலையைப் பைக்குள் திரும்ப வைத்தாள். "இப்பவே போன்ல சொல்லேன்க்கா. நம்பர் போடட்டுமா?"

"இந்தக் கோலத்துலயா? பாவம் பார்த்து மன்னிச்ச மாதிரி ஆயிடும். நல்லா எழுந்து, என் கால்ல நடந்து போய்ச் சொல்லணும். இன்னும் ரெண்டு மாசம், அவ்வளவுதானே. நீ முந்திரிக்கொட்டை மாதிரி அவகிட்ட உளறிடாத. சத்தியமா?"

இரண்டாவது சத்தியம். அதையும் பண்ணினாள்.

அன்று இரவெல்லாம் உருண்டாள். மறுநாள் மேசையில் காலர் கோணிய சட்டைகள் நாலைந்தைப் பார்க்காமலே விட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அக்கா எழுந்து நடக்கப் போவதில்லை. இது தெரிந்தால் இன்றைக்கே குட்டியைக் கூப்பிடுவாள். தெரியாததால் சேலையை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். சொன்னால் அத்தானுக்குச் செய்த சத்தியம் போகும், அக்கா அன்றைக்கே ஒடிந்துபோனாலும் போவாள். சொல்லாவிட்டால் மகள் முகத்தைப் பார்க்காமல் போவாள். இரண்டு பக்கமும் இடி. அக்காவையே கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. எப்படிக் கேட்பது?

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாம் பாகத்தைப் பிரித்தாள். பக்கத்தில் இருந்தது வேறு. அவள் படித்தது வேறு.

"அரண்மனை வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். 'இளவரசி, படைத்தலைவரின் உடலில் ஏறியிருப்பது மெல்லக் கொல்லும் நஞ்சு. இரண்டு திங்களுக்கு மேல் தாங்காது. அவருக்கு இது தெரியாது' என்றார்."

"ஐயையோ!" அக்கா நிமிர்ந்து உட்கார முயன்றாள். "எப்ப ஏறிச்சு நஞ்சு?"

"போன போர்ல. அம்புல தடவியிருந்தாங்களாம்."

"சொல்லவே இல்லையே."

"இப்பதான் சொல்றாரு." செக்கரின் விரல் பக்கத்தின் மேல் வரி வரியாகப் போனது. "படைத்தலைவனுக்கு ஒரு தம்பி. மனஸ்தாபத்தால் கடல் கடந்து போனவன். குணமானதும் தானே போய்த் தம்பியைப் பார்ப்பதாகப் படைத்தலைவன் சொல்லிக்கொண்டிருந்தான். இளவரசி கலங்கினாள். உண்மையைச் சொல்வதா, மறைப்பதா?"

"தம்பியா? தங்கச்சி மட்டும்தானே?"

"தம்பியும் உண்டு. நீ அன்னைக்குத் தூங்கிட்ட."

"என்னமோ, இன்னைக்கு ரொம்ப அவசரமா எழுதியிருக்காரு. வர்ணனையே காணோம்." அக்கா தலையணையில் சாய்ந்தாள். "ம், அப்புறம்?"

செக்கர் புத்தகத்தை மூடி விரலை நடுவில் வைத்துக்கொண்டாள். "நீ சொல்லுக்கா. இளவரசி அவன்கிட்ட சொல்லணுமா, கூடாதா?"

"கூடாது," என்றாள் அக்கா. யோசிக்கவே இல்லை.

"ஏன்?"

"சொன்னா அவன் படுத்துக்குவான். அவனோட கதையும் படுத்துக்கும். தெரியாமலே அவன் சிரிச்சுக்கிட்டுக் குதிரை ஏறணும். இவ சிரிச்ச முகமா வழியனுப்பிட்டு உள்ள போய் அழணும். அதுலதான்டி இருக்கு சுகமே."

"அவன் உசிரு பத்தின விஷயம். அவனுக்குத் தெரியவேண்டாமா?"

"யூனியன் ஆபீஸ்ல பேசற மாதிரி பேசற பாரு."

"தம்பி? தம்பியப் பார்க்காமலே போயிடுவானே."

"தம்பி கடைசி அத்தியாயத்துல வருவான். எப்பவும் வருவாங்க. சமாதிக்குப் பூ வைக்கவாவது வருவான்." அக்கா கண்ணை மூடிக்கொண்டு சுகமாகப் பெருமூச்சு விட்டாள். "நீ படி."

செக்கர் படித்தாள். என்ன படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அக்கா சொல்லிவிட்டாள்! அக்கா வாயாலேயே சொல்லிவிட்டாள், வேண்டாம், தெரியாமலே சிரித்துக்கொண்டு போகிறேன் என்று. வீட்டுக்கு நடந்து போகும்போது இடுப்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது மாதிரி இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

படித்த முட்டாள்தனத்துக்கு மருந்தில்லை. பதினெட்டு வருடம் பிறர் தையலில் குறை கண்டுபிடித்தவள், தன் கையால் தைத்ததை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அடுத்த ஞாயிறு குட்டி போனில், "அவங்க எப்படி இருக்காங்க சித்தி?" என்றபோது, "தேறிட்டு வராங்கம்மா" என்று சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முதல் தடவைதான் கஷ்டம், பிறகு பழகிவிடும்.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் முழுசாக வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, முதல் கட்டுச் சட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு செக்கர் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அக்காவின் கண்ணும் நகமும் மஞ்சளாக இருந்தன. மூக்கில் குழாய். அத்தான் கால்மாட்டில் நின்றார். பெரிய டாக்டர் ஊரில் இல்லை. வந்திருந்தது சின்ன வயசு டாக்டர். ஃபைலைப் புரட்டினார், நோயாளிக்குத் தெரியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"ஈரல் முழுக்கப் பரவிடுச்சுன்னு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருக்காங்களே. இனிமே மணிக்கணக்குதான். பார்க்க வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க."

அக்கா தூங்கவில்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் கண்ணைத் திறந்தாள். அத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அக்கா விரலை அசைத்துச் செக்கரை அருகே கூப்பிட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

செக்கர் தலையசைத்தாள்.

"ரெண்டு மாசமாவா?"

"ம்."

"ஏன்டி சொல்லல?"

குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். செக்கருக்கு அத்தானின் சத்தியம் நாக்கு நுனிவரை வந்தது. அது அரை உண்மைதான் என்று அவளுக்கே தெரிந்தது.

"நீதான்க்கா வேண்டாம்னே."

"நானா?"

"அந்தப் படைத்தலைவன்... நஞ்சு ஏறினது. சொல்லக் கூடாதுன்னு சொன்னியே. தெரியாமலே சிரிச்சுக்கிட்டுப் போகட்டும்னு. அந்த அத்தியாயம் புத்தகத்துல இல்லக்கா. நானா சொன்னது. உன்னைக் கேட்கத்தான் சொன்னேன்."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்த மஞ்சள் கண் நிறைந்து காதுப் பக்கம் வழிந்தது.

"அது கதைடி," என்றாள்.

கதையாக இருந்தால் இந்த இடத்தில் மூன்று பக்கம் பேசியிருப்பாள். அக்கா மூச்சு வாங்கிவிட்டு, "குட்டிக்குப் போடு" என்றாள். அவ்வளவுதான்.

குட்டி முதல் மூன்று முறை எடுக்கவில்லை, வேலை நேரம். நான்காவது முறை எடுத்தாள். செக்கர் இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். போனை அக்காவின் காதில் வைத்தாள். "அம்மா, அம்மா, வந்துட்டேம்மா, கிளம்பிட்டேம்மா" என்று குட்டி கத்துவது பக்கத்துக் கட்டில்வரை கேட்டது. அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். உதடு எதையோ சொன்னது. போனுக்கு உதடு தெரியாது. "பேசும்மா, ஏதாவது பேசும்மா" என்றாள் குட்டி. செக்கர் போனை வாங்கி, "கேட்குது அவளுக்கு, நீ வா" என்றாள்.

மத்தியானம் ஒன்றரைக்கு எல்லாம் முடிந்தது.

குட்டி வந்து சேர்ந்தபோது மணி ஐந்தேகால். கையில் பை இல்லை, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அவள் அழுததை இங்கே எழுதப் போவதில்லை. அழுது ஓய்ந்து, வராந்தா பெஞ்சில் செக்கருக்கு ஒட்டி உட்கார்ந்து, தோளில் தலை சாய்த்துக் கேட்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா சித்தி?"

மன்னிச்சேன்னு சொன்னா, உன் பேரைச் சொல்லிக்கிட்டே போனா என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். கதை கட்டத்தான் வருமே அவளுக்கு. செக்கருக்கு இனி அது முடியவில்லை.

"உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கணும்னு இருந்தா. போய்ச் சேருன்னு உன்கிட்ட சொன்னது தப்புன்னு சொல்லணும்னு இருந்தா. உடம்பு தேறட்டும்னு காத்திருந்தா. அதுக்குன்னு சேலைகூட வாங்கி வச்சிருக்கா."

குட்டியின் அழுகை மறுபடி பொங்கியது. "எப்ப சொன்னாங்க?"

"ஒரு மாசம் இருக்கும். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா? இப்படி ஆகப்போகுதுன்னு?"

"தெரியும்."

தோளில் இருந்த தலை மெல்ல எழுந்தது. குட்டி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடம் ஒவ்வொரு ஞாயிறும் கேட்ட குரல் இது, நம்பி நம்பிக் கேட்ட குரல்.

"ஒரு மாசமா, சித்தி?" என்றாள். "ஏழு மணி நேரத் தூரத்துலதானே நான் இருந்தேன்."

குட்டி எழுந்து வராந்தாவின் மறுகோடியில் அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனாள். அங்கே போயும் அவருக்குப் பக்கத்தில் உட்காராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.